நிக்கல்-ஜிங்க் ஏஏ செல்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிபவை

கேமரா ஃபிளாஷில் நான்கு நிக்கல்-ஜிங்க் ஏஏ செல்களைப் போட்டால் முதல் நாளே வித்தியாசம் தெரியும். ஃபிளாஷ் சட்டென்று அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும். காரணம், செல்லுக்கு 1.6 வோல்ட், வழக்கமான ரீசார்ஜ் செல்லான நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடில் 1.2 தான். வில்லங்கமும் அதே வோல்டேஜில்தான். சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டில் ஒவ்வொன்றும் 1.8 காட்டும், நான்கு சேர்ந்தால் 7.2. ஆறு வோல்ட்டுக்குச் செய்த டார்ச் பல்பு தாங்காது.

ஆயுளைத் தீர்மானிப்பது ஜிங்க், அதாவது துத்தநாகத்தின் குணம். டிஸ்சார்ஜ் ஆகும்போது அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓரளவு கரைகிறது. திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது பழைய இடத்திலேயே படியாமல், மேடான முனைகளில் கூடுதலாகப் படிந்து ஊசி ஊசியாக வளரும். ஊசி நடுவிலுள்ள பிரிப்பானைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். இதை முன்கூட்டியே பிடிக்கலாம்: முழுச் சார்ஜ் ஏறிய செல்களை ஒரு நாள் சும்மா வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். மற்றவை 1.7-க்கு மேல் நிற்க, ஒன்று மட்டும் 1.6-க்குக் கீழே இறங்கியிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

சார்ஜரில் கஞ்சத்தனம் வேண்டாம். இதற்கென்றே உள்ளது 1.9 வோல்ட் வரை ஏற்றி, அங்கேயே பிடித்து, மின்னோட்டம் குறைந்ததும் நிறுத்தும். மெட்டல் ஹைட்ரைடு சார்ஜருக்கு அந்த எல்லை தெரியாது. நேரக் கணக்கில் ஓடும் மலிவு ரகம் இன்னும் மோசம். அளவு மீறினால் கரைசலிலுள்ள நீர் வாயுவாகப் பிரியும், வால்வு திறக்கும், செல் உள்ளே வற்றும்.

அடியோடு வடிய விடுவதும் அதே அளவு கெடுதல். நான்கில் பலவீனமானது முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளி அதன் பிளஸ், மைனஸ் முனைகளைத் தலைகீழாக்கிவிடும். செல்லுக்கு 1.3 வோல்ட் வந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் வாங்கியவற்றுக்கு மார்க்கரில் எண் போட்டு, கலக்காமல் ஒன்றாகவே ஓட்டுங்கள். சுவர்க் கடிகாரத்துக்கு இது வீண். சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கும்.

கரைசல் நீர் சார்ந்தது என்பதால் லித்தியம் போலத் தீப்பிடிக்காது. ஆனால் கசிந்தால் கடுங்காரம். கையுறை போட்டு, பஞ்சில் சில துளி வினிகர் தொட்டுத் தொடர்புத் தகடுகளைத் துடையுங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் வினிகர் கூடாது. ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், கண் என்றால் உடனே மருத்துவரிடம்.