இலை வண்ண அட்டை: மேலுரம் இடும் நாளைப் பயிரே சொல்லட்டும்

நெல்லுக்கு நாட்கணக்குப் பார்த்தே யூரியா இட்டுவந்த நான், கடந்த இரண்டு போகங்களாக நான்கு பச்சைப் பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டையைப் பார்த்தே மேலுரத்தை, அதாவது நட்ட பின் பயிருக்கு இடும் உரத்தை, முடிவு செய்கிறேன். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரவலாக்கிய இந்தச் சிறு பிளாஸ்டிக் அட்டை, நான் வாங்கிய வேளாண் கருவிகளிலேயே மிகுந்த பயன் தந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

நடவு செய்த 14ஆம் நாள் முதல் பூக்கும் பருவம் வரை, 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை, நோயற்ற பத்துச் செடிகளில் முழுதும் விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராகப் படாமல் நம் உடலின் நிழலிலேயே பார்ப்பதும், ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பார்ப்பதும் அவசியம். பத்தில் ஐந்துக்கு மேற்பட்ட இலைகள் அந்த ரகத்துக்கென வரையறுத்த எண்ணுள்ள பட்டையைவிட வெளிறியிருந்தால் மட்டுமே யூரியா இட வேண்டும்.

இந்தக் காத்திருப்பின் மதிப்பு வயலைத் தாண்டியும் செல்கிறது. யூரியா தரும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பயிர் எடுத்துக்கொள்ளாதது மண்ணில் தங்கும்போது, நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றுகின்றன. நூறாண்டுக் கணக்கில் இவ்வாயு கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 273 மடங்கு புவியைச் சூடாக்கும். தேவைக்கு மேல் உரம் போகப் போக விளைச்சல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, வாயுவோ முன்னைவிட வேகமாகக் கூடுகிறது. மிகையான தழைச்சத்தால் பயிர் சாய்வதும் குலைநோய் தாக்குவதும் வேறு.

குறைகளும் உண்டு. கந்தகக் குறையாலும் இளம் இலை மஞ்சளாகும். அதைத் தழைச்சத்துப் பசி என்று அட்டை தவறாகக் காட்டிவிடும். எப்போது இடுவது என்று சொல்லும் அட்டை, எப்படி இடுவது என்று சொல்வதில்லை: தேங்கிய நீரின் மேல் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் வயலில், நீர் தேங்கும்போது உருவாகும் மீத்தேன் வாயு குறையும், ஆனால் மண் காயும்போது உருவாகும் நைட்ரேட் மீண்டும் நீர் கட்டியதும் நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறக்கூடும். எனவே அத்தகைய வயலில் அட்டையோடு நீர்மட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

என் முதல் அட்டையை வெயிலில் போட்டுவைத்ததில் நிறம் மங்கிவிட்டது. இப்போதுள்ளதைத் துணியுறையில் வைத்திருக்கிறேன்.