பணியாளர்களின் முதுகுக்குப் பின்னால் ஒரு கவசம்: லாரி மோதல் தணிப்பான் மதிப்புரை

நெடுஞ்சாலைப் பராமரிப்புப் பணிகளில் ஓராண்டாக நாங்கள் பயன்படுத்திவரும், பணியாளர்களுக்குப் பின்னால் நிறுத்தப்படும் லாரியின் பின்புறம் பொருத்தப்படும் இந்த மோதல் தணிப்பான், கூம்புகளும் எச்சரிக்கைப் பலகைகளும் தர இயலாத பாதுகாப்பைத் தருகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டரைக் கடந்துவிடுவதால், குனிந்து வேலை செய்பவர் ஓசை கேட்டுத் திரும்பவும் நேரமிருக்காது. இதன் தேன்கூடு வடிவ அலுமினியப் பெட்டி நசுங்கி மோதலின் ஆற்றலை உள்வாங்குவதால், பணியாளர் மட்டுமன்றி மோதிய ஓட்டுநரும் உயிர்பிழைக்க வாய்ப்புண்டு. இதையே இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன்.

சாலைப் பாதுகாப்புக் கருவிகளை மதிப்பிடும் அமெரிக்க விதிமுறையான மேஷின் (MASH) மூன்றாம் நிலைச் சோதனையில் 1,100 கிலோ காரும் 2,270 கிலோ பிக்கப் வாகனமும் மணிக்கு அதே 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிடப்படுகின்றன. அந்தச் சான்றிதழைப் பார்த்த பிறகே வாங்கினோம். விபத்து வழக்குகளில் ஒப்பந்ததாரர் நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்தாரா என்ற கேள்வி எழும் என்பதால், லாரி நின்ற இடத்தையும் நேரத்தையும் அன்றாடம் படமெடுத்துச் சேமிக்கிறோம்.

மோதலின்போது லாரி முன்னோக்கி உருளும் என்பதால் பணியாளருக்கும் லாரிக்கும் இடையே போதிய இடைவெளி இன்றியமையாதது. உயிர் காக்கும் இந்தச் செய்தியை இக்கருவியின் கையேடு ஒற்றை வரியில் கடந்துசெல்வது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.