குண்டின் விலை வேறு, அடியின் விலை வேறு

சீனன்குடா எண்ணெய்க் குதங்களுக்கு நடுவே, சுவர் வெந்து சரிந்த குதம் ஒன்று இன்றும் பற்றைக்குள் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானம் ஒன்று அதன்மேல் வந்து விழுந்தது. அன்று காலை திருகோணமலைக்கு மேல் பறந்தவை நூற்றுக்கும் அதிகமான விமானங்கள். இருந்தும் அந்தத் தாக்குதலில் அழிந்த குதம் அது ஒன்றுதான். குறியை நோக்கித் தானே திரும்பும் குண்டு இல்லாத காலத்தில் வான் தாக்குதல் என்றால் இப்படித்தான் இருந்தது: நிறையக் கொட்டு, ஒன்றாவது படட்டும்.

இன்று ஒரு குறிக்கு ஒரு குண்டு என்கிறார்கள். ஆயுதக் குழுக்களுக்கு எதிராக அரசுகள் பாவிக்கும் துல்லிய ஆயுதங்களில் எது மலிவு, எது விலை கூட என்ற கேள்விக்கு விலைப்பட்டியல் சொல்லும் விடை பெரும்பாலும் பிழை. பட்டியலையும் பார்ப்போம், அதில் வராததையும் பார்ப்போம்.

ஜேடாமும் லேசரும்

ஜேடாம் என்பது குண்டல்ல, பழைய இரும்புக் குண்டின் வாலில் பூட்டும் கருவி. அசையும் செட்டைகள், ஜீ.பீ.எஸ் வாங்கி, அது அறுந்தால் வழிகாட்ட ஒரு சுழற்சிமானி, இவ்வளவுதான். விலை ஏறக்குறைய 25,000 டொலர். 500 இறாத்தல் எம்கே-82 குண்டில் பூட்டினால் மொத்த எடை 227 கிலோவுக்கு மேல் வரும். அதில் வெடிமருந்து சுமார் 87 கிலோ, மிச்சத்தில் பெரும்பங்கு உருக்கு. வெடிக்கும்போது அந்த உருக்குத்தான் சிதறலாகிப் பறக்கிறது.

ஜீ.பீ.எஸ் கிடைத்தால் துல்லியம் 5 மீற்றர், கிடைக்காவிட்டால் 30 மீற்றர் என்பது கணக்கு. இந்த 5 மீற்றரைப் பலர் தவறாக வாசிக்கிறார்கள். விழும் குண்டுகளில் பாதி அந்த வட்டத்துக்குள் விழும் என்பதே அதன் பொருள். மற்றப் பாதி வெளியே விழும். மேலும், அது குண்டு விழும் இடத்தைப் பற்றிய எண்ணே தவிரச் சிதறல் போய்ச்சேரும் தூரத்தைப் பற்றியதல்ல. உப்புவெளியில் ஒரு சாதாரண வளவின் நடுவில் 500 இறாத்தல் குண்டு அச்சொட்டாக விழுந்தாலும் நாலு பக்கத்து வளவுகளும் தப்பாது.

ஜேடாம் தவறுவது பெரும்பாலும் பொறியால் அல்ல, கொடுத்த எண்ணால். 1999 மே 7 அன்று பெல்கிரேடில் சீனத் தூதரகத்தைத் தாக்கிய 5 ஜேடாம்களும் சொன்ன இடத்துக்குச் சரியாகவே போயின, இடம்தான் பிழை. 2001 டிசம்பர் 5 அன்று ஆப்கானிஸ்தானில் நடந்தது இன்னும் கொடுமை. தரையில் நின்று குறி கொடுத்தவரின் ஜீ.பீ.எஸ் கருவியில் பற்றரி தீர்ந்தது. புதிய பற்றரி போட்டதும் கருவி எதிரியின் இடத்தை விட்டுத் தான் நிற்கும் இடத்தையே காட்டியது. அதைக் கவனிக்காமல் எண்ணை மேலே அனுப்பினார்கள். 2,000 இறாத்தல் குண்டு அவர்கள் மேலேயே வந்து விழுந்தது. அமெரிக்கப் படையினர் 3 பேரும் அவர்களோடு நின்ற ஆப்கானியர்களும் செத்தார்கள்.

லேசர் வழிகாட்டும் பேவ்வே வகை வியட்நாம் போரிலிருந்தே இருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஓடும் வாகனத்தை அடிக்க லேசர் நல்லது, ஏனென்றால் குறிமேல் பாய்ச்சும் லேசர் ஒளிப்புள்ளியை நோக்கியே குண்டு போகிறது, புள்ளி நகர்ந்தால் குண்டும் நகரும். ஆனால் குண்டு விழும்வரை ஒருவர் அந்தப் புள்ளியைக் குறிமேல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் முகிலோ புகையோ புழுதியோ வந்தால் குண்டு குருடாகிவிடும். கார்த்திகை, மார்கழி மாரியில் கொட்டியாற்றுக் குடாவுக்கு மேல் தொங்கும் முகிலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜேடாமுக்கு முகில் பொருட்டல்ல. அதனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த பேவ்வே-4 போன்றவை வந்தன. இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டுமென்றால், நிலையான கட்டடத்துக்கு ஜேடாம், நகரும் குறிக்கு லேசர். விலை இங்கே முடிவெடுக்கும் விடயமே அல்ல.

சிறிய வெடி, பெரிய விலை

ட்ரோன்கள் சுமக்கும் ஹெல்ஃபயர் ஏவுகணை 50 கிலோவுக்குள் இருக்கும். அதன் வெடிமுனை 9 கிலோ அளவு, விலை ஒரு இலட்சம் டொலருக்கு மேல். ஜேடாம் கருவியின் நாலு மடங்கு காசுக்குப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த வெடிமருந்து. இடையில் நிற்பது ஜீ.பீ.யூ-39 என்ற சிறுவிட்டக் குண்டு: 250 இறாத்தல் தரம், 16 கிலோ வெடிமருந்து, ஏறக்குறைய 40,000 டொலர்.

காசைப் பார்த்து இதில் மலிவானதை எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஈராக்கின் மோசூல் நகரம் இருக்கிறது. 2017 மார்ச் 17 அன்று அல்-ஜதீதா பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குறிசூட்டுக்காரர் இருவர். அவர்கள்மேல் போடப்பட்டது ஜேடாம் பூட்டிய ஒரு 500 இறாத்தல் குண்டு. வீடு முழுவதும் இடிந்தது. உள்ளே ஒதுங்கியிருந்த 101 பேரும் பக்கத்துக் கட்டடத்தில் 4 பேருமாகக் குறைந்தது 105 குடிமக்கள் இறந்ததாக அமெரிக்க விசாரணையே ஏற்றுக்கொண்டது. வீட்டில் வைக்கப்பட்டிருந்த வேறு வெடிபொருட்களும் சேர்ந்து வெடித்தன என்றும் அது சொன்னது. அந்த வாதம் இருக்கட்டும். இருவருக்காக 87 கிலோ வெடிமருந்தைத் தெரிவு செய்தது சரியா என்ற கேள்வி அதனால் போய்விடாது. சிறிய குண்டுக்கும் அதற்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 15,000 டொலர்.

சிறிய ஆயுதம் என்றால் தவறு நடக்காது என்றும் இல்லை. 2021 ஓகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளை டொயோட்டா காரை ட்ரோன்கள் மணிக்கணக்காகப் பின்தொடர்ந்தன. அதில் ஏற்றிய தண்ணீர்க் கலன்களை வெடிபொருள் என்று எண்ணி ஹெல்ஃபயர் ஏவினார்கள். ஏவுகணை குறியைத் தவறவில்லை. இறந்த 10 பேரில் 7 பேர் பிள்ளைகள். எல்லோருமே குடிமக்கள்.

பறப்புச் செலவு

குண்டைக் கொண்டுபோகும் செலவு பெரும்பாலும் குண்டை விட அதிகம். 2017 ஜனவரியில் லிபியாவின் சிர்ட் நகருக்குத் தெற்கே இருந்த ஐ.எஸ் முகாம்களை அடிக்க, அமெரிக்காவின் மிசூரியிலிருந்து இரண்டு பி-2 குண்டுவீச்சு விமானங்கள் போய்வந்தன. போக வர 30 மணிநேரத்துக்கு மேல், வழிநெடுக எரிபொருள் விமானங்கள். வீசிய குண்டுகள் நூறளவில், அவற்றின் விலை 25 இலட்சம் டொலரைச் சுற்றி. பி-2 ஒரு மணிநேரம் பறக்க ஒரு இலட்சம் டொலருக்கு மேல் போகும். இரண்டு விமானத்துக்கும் சேர்த்துக் கூட்டினால் குண்டுகளின் விலையைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது, எரிபொருள் விமானங்களைச் சேர்க்காமலே.

ட்ரோன் இந்த இடத்தில் வெல்கிறது. எம்கியூ-9 ரீப்பரின் மணிநேரச் செலவு சில ஆயிரம் டொலர்தான். ஆனால் ஒரு இடத்துக்கு மேல் இரவு பகலாகக் கண் வைத்திருக்க ஒன்று போதாது: ஒன்று மேலே நிற்கும், ஒன்று போகும், ஒன்று திரும்பும், ஒன்று திருத்தத்தில் கிடக்கும். அதனால்தான் நாலு விமானத்தை ஓர் அணியாக எண்ணுகிறார்கள். ஐ.எஸ்ஸுக்கு எதிரான நடவடிக்கையில் 2014 ஓகஸ்ட் 8 முதல் 2017 ஜூன் 30 வரை அமெரிக்கா செலவழித்தது 1,430 கோடி டொலர், நாளொன்றுக்கு 1.36 கோடி.

டோமஹாக் போன்ற, தொலைவிலிருந்து ஏவினால் தானே குறிவரை பறந்துபோகும் குரூஸ் ஏவுகணைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒன்று 20 இலட்சம் டொலர் அளவு. விமானியை இழக்கும் ஆபத்தில்லை. கூடாரமும் மண்சுவரும் உள்ள முகாமுக்கு அது பொருந்தாத ஆயுதம்.

செங்கடலில் கணக்குத் தலைகீழாகியது. யேமனின் ஆயுதக் குழுவான ஹூதிகளின் மலிவான ட்ரோன்களைச் சுட அமெரிக்கப் போர்க்கப்பல்களின் எஸ்எம்-2 வான் எதிர்ப்பு ஏவுகணைகள் போயின, ஒன்று சுமார் 20 இலட்சம் டொலர். பிறகுதான் 70 மில்லிமீற்றர் ரொக்கெட்டில் லேசர் தலை பூட்டிய மலிவு வழிக்கு வந்தார்கள். 2025 வசந்தத்தில் யேமன்மேல் நடந்த தாக்குதல் காலத்தில் ஒரு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் மட்டும் இரண்டு எஃப்/ஏ-18 போர்விமானங்களைக் கடலில் இழந்தது, ஒவ்வொன்றும் 6 கோடி டொலருக்கு மேல். எதிரி சுட்டு விழுத்தியவை அல்ல அவை. இந்த விலை ஏற்றத்தாழ்வு திருகோணமலைக்குப் புதிதல்ல. 2008 ஓகஸ்ட் 26 இரவு இங்குள்ள கடற்படைத் தளத்தின்மேல் குண்டு போட வந்தது புலிகளின் ஸ்லின்-143, நாலு பேர் அமரும் சிறு விமானம்.

பட்டியலில் இல்லாத நிரல்

2006 ஏப்ரல் 25 மாலை தொடங்கி மூதூர் கிழக்கில் அரச வான்படையின் கிபிர் போர்விமான அடியும் ஷெல்லடியும் விழுந்தன. சம்பூரும் சுற்றுக் கிராமங்களும் வெறுமையாகின. அன்று எழும்பி ஓடிய சனங்களில் பலர் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். சம்பூரில் 818 ஏக்கரை விடுவிக்க 2015 ஆனது. கடற்படை முகாமுக்குள் கிடந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. பத்து வருடத்து வயலும் மாடும் தயிரும் எந்த வான்படையின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. துல்லியக் குண்டானாலும் வெற்றுக் குண்டானாலும் இந்த நிரல் ஒன்றுதான். துல்லியமானது அதைக் குறைக்கலாம், அதுவும் குண்டின் அளவைச் சரியாகத் தெரிவு செய்திருந்தால்.

வெடிக்காத குண்டு ஈர வயலில் பல மீற்றர் ஆழம் இறங்கிவிடும். எடுக்கக் குழியின் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்துத்தான் தோண்ட வேண்டும். வெடித்த குண்டும் வேலை வைக்கும். அதன் உருக்குச் சிதறல்கள் மண்ணெங்கும் கிடப்பதால் கண்ணிவெடி தேடும் கருவி அடிக்கடி கீச்சிடும். சத்தம் வந்தால் வேலையாள் முழந்தாளிட்டு, சற்றுத் தள்ளியிருந்து பக்கவாட்டில் மண்ணை மெல்லச் சுரண்டி வர வேண்டும். வருவது விரல் நுனியளவு இரும்பாக இருக்கும். அடுத்த சத்தத்துக்கும் அதே முழந்தாள், அதே சுரண்டல்.