17 புத்தகங்களும் ஒரு தன்வரலாறும்

படித்து முடித்த புத்தகங்களின் பெயர்களைக் கடந்த ஆண்டு ஜனவரியிலிருந்து ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதி வந்தேன். டிசம்பர் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 17 தேறின. மெடானையும் பினாங்கையும் போர்க்காலப் புகையோடு காட்டும் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை மூன்றாம் முயற்சியில்தான் முடிக்க முடிந்தது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ மறுவாசிப்பிலும் சுவை குன்றவில்லை. தன்முன்னேற்ற நூல்கள் இரண்டை எதற்காக வாங்கினேன் என்பது இப்போது எனக்கே விளங்கவில்லை. ஆனால் மார்ச் முதல் அக்டோபர் வரை என் பையை விட்டு இறங்காமல் இருந்தது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ ஒன்றுதான்.

ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்து, 1942இல் ஆசிரியர் மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோய், 1950இல் நூலாக்கம் பெற்ற தன்வரலாறு இது. தொடராக எழுதப்பட்டதனால் ஒவ்வொரு அத்தியாயமும் சிறிது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் மூன்று, நான்கு படித்துவிடலாம். அவருடைய ஊரான உத்தமதானபுரம் பாபநாசத்தை அடுத்தது என்பதால், அந்த நிலையத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி வயல்களைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட காலத்தைச் சொல்லும் பகுதிகளே நூலின் உயிர். வறுமையைப் பற்றி இவ்வளவு நிதானமாக, யார் மீதும் வன்மம் இல்லாமல் எழுத முடியுமா என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. எனினும் என்னை நெடுநாள் உறுத்தியது, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் பணியேற்ற சில மாதங்களில், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்த நிகழ்ச்சி. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று நீளமாக அடுக்குகிறார்; கேட்டவர் முகத்திலோ சிறிதும் மலர்ச்சி இல்லை. பழங்காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்ற கேள்விக்கு, புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கும் தைரியம் உண்டு என்றுதான் இவரால் சொல்ல முடிகிறது. அந்த இடத்தைப் படித்த அன்றிரவு என் நாட்குறிப்பை எடுத்துப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. முதலியார் எதிரே அமர்ந்திருந்தால் என் பட்டியலுக்கு ஒரு ‘உம்’ கூடக் கொட்டியிருக்க மாட்டார்.

அதன்பின் அந்தச் சிந்தாமணியை ஏடுகளிலிருந்து அவர் பதிப்பித்து, அது அச்சேறும் 1887 வரையிலான பகுதி துப்பறியும் கதைக்குச் சற்றும் குறையாத விறுவிறுப்புடையது. புள்ளியில்லாத எழுத்துகள், மூலமும் உரையும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கும் ஏடுகள், மேற்கோள் காட்டிவிட்டு நூற்பெயரைச் சொல்லாமல் போகும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர், ஐயம் தெளிய ஏறி இறங்கிய சமணர் வீடுகள் என்று அவர் பட்ட பாடு ஒவ்வொன்றும் கண்முன் வருகிறது. பிற்பகுதியில் பதிப்பு விவரங்கள் மிகுந்து வரும் சில அத்தியாயங்களில் ஓட்டம் தளர்வதையும் சொல்ல வேண்டும்; அவற்றை நான் வேகமாகப் புரட்டினேன்.

நூலைப் பற்றி எனக்குக் குறை அதிகமில்லை. நான் வாங்கிய பதிப்பைப் பற்றித்தான் உண்டு. மலிவு விலை என்று ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் பிரதியில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, பெயரகராதி இல்லை, ஒட்டிய பசையும் பாதி நூலுக்கு மேல் தாங்கவில்லை. ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்தவரின் வரலாறு, ஆகஸ்டு மாதத்திலிருந்து என் பையில் ஏடு ஏடாகக் கழன்று, ரப்பர் பட்டையில் கட்டுண்டு கிடந்தது. வாங்க நினைப்பவர்கள் விலை கூடினாலும் தைத்துக் கெட்டி அட்டை போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது.