சென்னையா, கொச்சியா, சிங்கப்பூரா: வீல்சேரோடு கப்பல் ஏற எது தோது?

கப்பல் சுற்றுலா என்றதும் எல்லோரும் டிக்கெட் விலையைத்தான் முதலில் விசாரிப்பார்கள். நடக்கச் சிரமப்படுகிறவரைக் கூட்டிப்போகிறவர் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, போகிற ஊர்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்குமா என்பது. ஒட்டி நின்றால் சாய்வுப் பாலத்தில் வீல்சேரைத் தள்ளிக்கொண்டே இறங்கிவிடலாம். கடலில் நங்கூரம் போட்டு நின்றால், ஆடுகிற சின்னப் படகுக்கு மாற வேண்டும். அப்படி மாற முடியாதவர் அந்த ஊரைக் கப்பலில் இருந்தபடியே பார்க்க வேண்டியதுதான்.

நான் இரண்டு பேரை மனதில் வைத்து ஒப்பிடுகிறேன். என் அக்கா சிறு வயதில் போலியோ வந்து, காலைத் தாங்கும் கம்பிச் சட்டமான காலிபர் போட்டு நடப்பவர். கைப்பிடி இருந்தால் நாலைந்து படி ஏறிவிடுவார். எதிர்வீட்டுத் தம்பிக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இருவருக்கும் ஒரே பதில் சரிவராது.

கொச்சியை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கிருந்து லட்சத்தீவுக்குப் போகும் அரசுக் கப்பல் பயணத்தில் ராத்திரி கப்பலில் தூங்கி, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று தீவு தீவாக இறங்குவார்கள். இடமெல்லாம் கொள்ளை அழகு. ஆனால் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருப்பதால் பெரும்பாலும் கப்பல் வெளியிலேயே நிற்கும். அலையில் ஏறி இறங்கும் படகுக்குள் கால் வைத்துத் தாவ வேண்டும். தம்பிக்கு இது வேண்டவே வேண்டாம். அக்காவையும் நான் அனுப்ப மாட்டேன்; காலிபர் போட்ட கால் சட்டென்று மடங்காது.

மதுரைப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் சென்னையின் பெரிய பலம் போகிற வழிதான். 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத்தில் மதுரையில் ஏறினால் ஆறு மணி நேரத்துக்குள் எழும்பூர். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறை அதில் உண்டு. எழும்பூரிலிருந்து துறைமுகமும் பக்கம். 2022 ஜூனில் கார்டீலியா என்ற கப்பல் சுற்றுலா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போதுதான் அது மும்பையை விட்டு இந்தப் பக்கம் வரும் என்பதால், சென்னை சீசன் ஜூனை ஒட்டிய சில மாதங்கள்தான்.

1990-ல் கட்டிய கப்பல் அது, சுமார் 48,500 டன். இன்றைய பெருங்கப்பல்களுக்குப் பக்கத்தில் சின்னது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடை குறைவு என்பதால் காலிபர்காரர்களுக்கு இது நல்லதே. போகும் ஊர்தான் இடிக்கும். விசாகப்பட்டினத்தில் பயணிகள் கப்பலுக்கென்றே 2023-ல் திறந்த முனையம் இருக்கிறது. இலங்கையின் அம்பாந்தோட்டை ஆழ்துறைமுகம். இரண்டிலும் கப்பல் கரையை ஒட்டும். புதுச்சேரியில் கப்பல் கடலிலேயே நிற்க, படகில்தான் கரைக்கு வர வேண்டும். அதனால் புதுச்சேரி இருக்கிற பயணத்தைத் தம்பிக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். எங்கும் இறங்காமல் கடலைச் சுற்றிவரும் இரண்டு நாள் பயணம் கிடைத்தால் அதுவே மேல்.

சிங்கப்பூருக்குச் செலவு கூடுதல்தான்: விமானம், விசா, டாலரில் கப்பல் கட்டணம். கப்பல் வெளியே போய்த் திரும்பி வருவதால் பலமுறை நுழையும் விசாவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தும், எழுந்து நிற்கவே முடியாதவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். மதுரையிலிருந்தே நேரடி விமானம் உண்டு, நாலு மணி நேரப் பயணம். அங்கே எம்.ஆர்.டி. என்கிற மெட்ரோ ரயிலின் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது, பேருந்துகளிலும் வீல்சேரை ஏற்றலாம். அங்கிருந்து கிளம்பும் கெண்டிங் டிரீம் கப்பல் 2016-ல் கட்டியது, ஒன்றரை லட்சம் டன். ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்களில் நீச்சல் குளத்துக்குள் ஆளை இறக்கும் லிஃப்டே உண்டு. தண்ணீரில் இறங்கும் ஆசையை விட்டே வருஷக்கணக்கான ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

அங்கேயும் ஊரைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் வீல்சேரைத் தள்ளிக்கொண்டே போகலாம். கடைவாசல் நடைபாதைகள் மட்டும் மேடும் பள்ளமுமாக இருக்கும். புக்கெட்டில் படோங் கடற்கரைப் பக்கம் நிற்கும் கப்பல் என்றால் மறுபடி படகுதான்.

எந்தக் கப்பலானாலும் கடைசியில் எல்லாம் பாத்ரூம் வாசலில் வந்து நிற்கும். சாதாரண அறையில் தண்ணீர் வெளியே வராமலிருக்க அங்கே ஒரு தடுப்பு மேடு கட்டியிருப்பார்கள். குளிக்கும் இடம் ஓர் ஆள் திரும்பும் அளவுதான், அதற்கும் ஒரு விளிம்பு. அறைக் கதவின் அகலமே பல கப்பல்களில் 23 அங்குலத்தை ஒட்டித்தான். நம் ஊரில் விற்கும் மடக்கு வீல்சேரைத் தள்ளுவளையத்தோடு சேர்த்து டேப் வைத்து அளந்து பாருங்கள், 25 அங்குலத்தைத் தொடும். அப்புறம் எப்படி உள்ளே போவது? மாற்றுத்திறனாளி அறை என்று கேட்டு வாங்கினால் 32 அங்குலக் கதவு, மேடில்லாத தரை, உட்கார்ந்து குளிக்க மடக்கு இருக்கை, சுவரில் பிடிகம்பி எல்லாம் இருக்கும். இந்த அறைகள் ஒரு கப்பலில் சொற்பம்தான், சீக்கிரமே தீர்ந்துவிடும்.

ஊரில் ஒரு டிராவல்ஸில் "எல்லாம் பண்ணிடலாம் சார், வீல்சேர் கப்பலிலேயே தருவாங்க" என்றார்கள். எழுத்தில் கேட்டபோதுதான், அந்த வீல்சேர் ஏறவும் இறங்கவும் மட்டும் என்று தெரிந்தது. அதனால் எந்தெந்த ஊரில் படகு, அறைக் கதவு எத்தனை அங்குலம், பாத்ரூமில் மேடு உண்டா என்ற மூன்றுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்ட் ஓடாமல் போகலாம். படியில் தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

பேட்டரி வீல்சேர் வைத்திருப்பவர்கள் சிங்கப்பூருக்குப் பறப்பதாக இருந்தால் இன்னொன்று. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் 300 வாட்-மணி (பேட்டரியின் கொள்ளளவு, Wh) வரை, இரண்டு என்றால் தலா 160 வரைதான் விமானத்தில் விடுவார்கள். கழற்றிய பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்குச் சொல்லி, பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் வாட்-மணி அளவைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.