கால்சியம் 11.4: சேலத்துல என் ஃபைல முழுசா படிச்ச ஹார்மோன் கிளினிக்

நான் ஏற்காடுங்க, ஒண்டிக்கடை பக்கம் வீடு, ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதறேன், வயசு 46. போன வருஷம் மே மாசத்துல இருந்து இந்த கிளினிக்குக்கு வந்துட்டு இருக்கேன். எதுக்குன்னா பாராதைராய்டு. தைராய்டு இல்லீங்க, பாராதைராய்டு. இத சொன்னா பத்துல ஒம்பது பேரு "ஓ தைராய்டா, எங்க அக்காவுக்கும் இருக்கு, காலைல வெறும் வயித்துல மாத்திர போடுவாங்க"ன்னு சொல்றாங்க. ரெண்டும் பக்கத்து பக்கத்து வீடு, அவ்ளோதான், செய்யற வேல வேற. தைராய்டுக்கு பின்னாடி அரிசி சைஸ்ல நாலு சுரப்பி ஒட்டிக்கிட்டு இருக்குமாம், ரத்தத்துல கால்சியம் எவ்ளோ இருக்கணும்னு பாத்துக்கறது அதோட வேல. எனக்கு அதுல ஒண்ணு கெட்டுப்போய் கெடந்தது, அத கண்டுபிடிக்க நாலு வருஷம் ஆச்சு.

அந்த நாலு வருஷத்த கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இதே கதைல இன்னும் எத்தன பேரு மலை ஏறி எறங்கிட்டு இருக்காங்களோ. மொதல்ல கிட்னி கல்லு. ஒரு தடவ தானா போச்சு, அடுத்த வருஷம் இன்னொண்ணு, அத ஒரு பெரிய ஆஸ்பத்திரில உடைச்சு எடுத்தாங்க, "தக்காளி, பால் எல்லாம் நிறுத்துங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்புறம் எலும்பு வலி. மூட்டு வலி இல்ல, எலும்புக்குள்ள இருந்து வர்ற வலி, ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, ஒவ்வொரு வளைவுலயும் பஸ் திரும்பறப்ப இடுப்பெலும்ப யாரோ புடிச்சு திருகற மாதிரி இருக்கும், கம்பிய புடிச்சுக்கிட்டு கண்ண மூடிக்குவேன். அதுக்கு வேற ஒரு எடத்துல கால்சியம் மாத்திர குடுத்தாங்க, அதயும் எட்டு மாசம் முழுங்கினேன். மலச்சிக்கல், அடிக்கடி தண்ணி தாகம், ராத்திரி நாலு தடவ எந்திரிக்கறது, எல்லாத்தயும் விட மோசம் என்னன்னா மண்டைக்குள்ள ஒரு பனிமூட்டம், 22 வருஷமா கணக்கு எழுதறவ ஒரு பக்கத்த கூட்ட மூணு தடவ திரும்ப ஆரம்பிச்சேன், காரணமே இல்லாம அழுக வரும். "மெனோபாஸ் வர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்"னு ஒருத்தர் சொன்னாரு. சரின்னு நானும் நம்பிட்டேன்.

இப்ப இந்த கிளினிக்குக்கு வர்றேன். மொத தடவ போனப்ப என் ஃபைல அப்படியே குடுத்தேன், தடியா இருக்கும், எல்லா இடத்து ரிப்போர்ட்டும் கலந்து கெடக்கும். டாக்டர் மேடம் அத ஓரமா தள்ளி வைக்கல. டேபிள்ல இருந்தத எல்லாம் நகத்திட்டு ரிப்போர்ட்ட தேதி வாரியா பரப்பி வச்சாங்க, சீட்டு ஆடறப்ப அடுக்குவோமே அந்த மாதிரி. பேனா எடுத்து ஒரே ஒரு வரிய மட்டும் ஒவ்வொரு தாள்லயும் வட்டம் போட்டுக்கிட்டே வந்தாங்க. 10.8. 10.9. 11.1. 11.4. எல்லாம் கால்சியம். லேப்ல சாதாரணமா 8.5ல இருந்து 10.5 வரைக்கும் தான் நார்மல்னு போட்டிருப்பாங்க, அந்த நாலு தாள்லயும் பக்கத்துல கறுப்பா கொட்ட எழுத்துல குறி போட்டே இருந்தது, கல்லு உடைச்ச ஆஸ்பத்திரி ரிப்போர்ட்லயும் இருந்தது. "இத யாராச்சும் உங்ககிட்ட சொன்னாங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்றப்பவே எனக்கு தொண்ட அடச்சுக்கிச்சு. எங்க வீட்டுக்காரர் அந்த தாளுங்கள ஒண்ணு ஒண்ணா எடுத்து எடுத்து பாத்துட்டே இருந்தாரு.

அப்புறம் கேட்ட கேள்வி ஒவ்வொண்ணும் கச்சிதம். பிபி மாத்திர எதாச்சும் சாப்பிடறீங்களா (சில பிபி மாத்திர, தண்ணி பிரியற வகை, கால்சியத்த ஏத்துமாம்), மனசுக்கு லித்தியம் மாத்திர எதாச்சும் எடுத்தீங்களா, முடி கொட்டுதுன்னு பயோட்டின் போடறீங்களா. பயோட்டின் போட்டுட்டு இருந்தேன். அது இருந்தா சில மிஷின்ல பி.டி.எச். (பாராதைராய்டு விடற ஹார்மோன்) தப்பா காட்டும்னு மூணு நாள் நிறுத்திட்டு வரச் சொன்னாங்க. கால்சியம் மாத்திரயயும் அன்னிக்கே நிறுத்தியாச்சு. ஆனா பாலையும் தயிரையும் நிறுத்தாதீங்க, சாதாரணமா சாப்பிடுங்க, தண்ணி மட்டும் நெறய குடிங்கன்னு சொன்னாங்க. ரெண்டு வருஷமா தயிர் இல்லாம சாப்பிட்டவளுக்கு அது ஒரு ஆறுதல்.

டெஸ்ட் ரிசல்ட் வந்தப்ப கால்சியம் 11.4, பி.டி.எச். 286. லேப் போட்டிருந்த அளவு 65க்குள்ள. வைட்டமின் டி வெறும் 11. இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டதுக்கு மேடம் சொன்னது எனக்கு அப்படியே பதிஞ்சு போச்சு. டேங்க் ரொம்பினா மோட்டார் நிக்கணும், ரொம்பி வழியுது, இன்னும் மோட்டார் ஓடிட்டே இருக்குன்னா கோளாறு தண்ணில இல்ல, சுவிட்சுல. ரத்தத்துல கால்சியம் ஏறினா இந்த ஹார்மோன் எறங்கணும். எறங்காம நார்மலுக்குள்ளயே நின்னா கூட அது சரியில்லைங்கறாங்க, எனக்கு நாலு மடங்குக்கு மேல நிக்குது. எங்கிருந்து கால்சியம் வருதுன்னா என் எலும்புல இருந்து. எலும்ப அரிச்சு ரத்தத்துல விட்டு, ரத்தத்துல இருந்து கிட்னிக்கு போயி கல்லா நின்னிருக்கு. எலும்பு வலிக்கு ஒரு டாக்டர், கல்லுக்கு ஒரு டாக்டர்னு அலஞ்சதெல்லாம் ஒரே சுவிட்சுதான்.

அடுத்து 24 மணி நேர யூரின் டெஸ்ட். பரம்பரையா கால்சியம் கொஞ்சம் ஏறி இருக்கற ஒரு வகை இருக்காம், அவங்களுக்கு ஆபரேஷன் தேவயில்ல, அவங்களுக்கு யூரின்ல கால்சியம் கம்மியா போகும், அத தெரிஞ்சுக்காம கத்தி வைக்க மாட்டேன்னாங்க. செய்யப்போறவங்களுக்கு சொல்றேன், காலைல மொத தடவ போறத விட்டுடணும், அதுக்கப்புறம் பகல் ராத்திரி எல்லாம் கேன்ல சேத்து, மறுநாள் காலைல மொதல்ல போறதயும் சேத்து புடிக்கணும், ஒரு தடவ விட்டாலும் கணக்கு தப்பிடும். கேன மூடி இறுக்கி ரெண்டு கவர் போட்டு மஞ்சப்பைல வச்சு மடில புடிச்சுக்கிட்டு ஏற்காட்டுல இருந்து பஸ்ல எறங்கினேன். லேப்ல இருந்த தங்கச்சி முகம் சுளிக்காம வாங்கி அளவ எனக்கு காட்டி எழுதிக்கிட்டா. அந்த பொண்ணுக்கு தனியா ஒரு நன்றி. எனக்கு கால்சியம் அதிகமாத்தான் போயிருந்தது, அதனால பரம்பரை வகை இல்லன்னு ஆச்சு.

எலும்பு எவ்ளோ கெட்டியா இருக்குன்னு பாக்கற டெக்ஸா ஸ்கேன்ல இடுப்பு, முதுகு மட்டும் இல்ல, முன்கையும் எடுக்கணும்னு சீட்டுல தனியா எழுதி குடுத்தாங்க. இந்த வியாதி முன்கை எலும்பத்தான் அதிகமா அரிக்குமாம். எனக்கு முதுகுல பரவாயில்ல, முன்கைல -3.1 (மைனஸ்ல எவ்ளோ கீழ போகுதோ அவ்ளோ எலும்பு மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம்). -2.5க்கு கீழ போனாலே ஆபரேஷனுக்கு ஒரு காரணம், கல்லு இருக்கறது ஒரு காரணம், 50 வயசுக்கு கீழ இருக்கறது ஒரு காரணம், எனக்கு மூணும் இருந்தது.

கெட்ட சுரப்பி எதுன்னு பாக்கற செஸ்டமிபி ஸ்கேனுக்கு கோவைக்கு அனுப்பினாங்க. ஊசி போட்டு கொஞ்ச நேரத்துல ஒரு படம், ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு படம். தைராய்டுல ஏறின மருந்து வெளுத்துடும், கெட்ட சுரப்பில மட்டும் நின்னுக்கும். ரெண்டாவது படத்துல இடது பக்கம் கீழ ஒரே ஒரு புள்ளி, குங்குமம் வச்ச மாதிரி. கழுத்து அல்ட்ராசவுண்ட்லயும் அதே எடம். முக்காவாசிக்கு மேல பேருக்கு இப்படி ஒண்ணுதான் கெட்டிருக்குமாம், அது கேன்சரா இருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம்னு நான் கேக்கறதுக்கு முன்னாடியே மேடம் சொல்லிட்டாங்க. அந்த வார்த்தைய கேக்க பயந்துட்டுத்தான் உக்காந்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு பயந்துட்டு இருந்தப்ப மேடம் ஒரு கதை சொன்னாங்க. மனுஷங்களுக்கு இந்த சுரப்பி இருக்குன்னு 1880ல எழுதினது ஸ்வீடன்ல ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட், சாண்ட்ஸ்ட்ராம்னு பேரு. இந்த வியாதிக்கு மொத ஆபரேஷன் 1925ல வியன்னால, மாண்டில்னு ஒரு டாக்டர் பண்ணினது, பேஷண்ட் ஒரு டிராம் கண்டக்டர், எலும்பெல்லாம் உருக்குலஞ்சு கெடந்தவரு, கட்டிய எடுத்ததுக்கப்புறம் எந்திரிச்சு தடி ஊனி நடந்தாராம். எங்க வீட்டுக்காரர் ஏற்காடு பஸ்ல கண்டக்டர். வீட்டுக்கு போற வரைக்கும் அத பத்தியே பேசிட்டு வந்தாரு, வேற எந்த தைரியமும் எனக்கு அவ்ளோ வேல செய்யல.

ஆபரேஷன் சேலத்துலயே, கிளினிக்கோட சேந்து வேல செய்யற சர்ஜன் பண்ணினாரு. கழுத்து மடிப்புல மூணு செ.மீ. கீறல். கட்டிய எடுத்து பத்து நிமிஷம் கழிச்சு ரத்தம் எடுத்து அங்கயே பி.டி.எச். பாத்தாங்க, பாதிக்கு மேல கொறஞ்சாத்தான் தையல் போடுவேன்னு முன்னாடியே சொல்லியிருந்தாரு. 310ல இருந்தது 44க்கு வந்துச்சு. சின்ன டப்பால போட்டு எங்க வீட்டுக்காரருக்கு காட்டினாங்களாம், அவரைக்கொட்ட சைஸ்ல செம்மண் கலர்ல இருந்துதாம். எடை 1.6 கிராம்னு ரிப்போர்ட்ல வந்துச்சு. நல்ல சுரப்பி 50 மில்லிகிராம் கூட வராது.

மறுநாள் ராத்திரி உதட்ட சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி, வெரல் நுனியெல்லாம் மரமரப்பு. பட்டினி கெடந்த எலும்பு கால்சியத்த அள்ளி அள்ளி உள்ள இழுக்கும், அதனால ரத்தத்துல கொறயும், இப்படி வந்தா காத்திருக்காம சொல்லணும்னு எழுதியே குடுத்திருந்தாங்க, அதனால நர்ஸ உடனே கூப்பிட்டேன். கால்சியம் 7.8. ஊசியும் மாத்திரயும் குடுத்து காலைக்குள்ள சரி பண்ணிட்டாங்க. எட்டு மாசம் வேண்டாத நேரத்துல முழுங்கின அதே கால்சியம் மாத்திர, இப்ப தேவப்பட்ட நேரத்துல.

இனி கொற. கிளினிக் மாடில, லிப்ட் கெடயாது, 23 படி, எலும்பு வலியோட வர்றவங்கதான் பாதி பேரு, இது என்ன நியாயம். ஒரு தடவ ஒரு வயசான பாட்டிம்மா பாதி படில உக்காந்துட்டு பேரன்கிட்ட "கண்ணு, டாக்டர கீழ வரச் சொல்லுப்பா"ன்னு சொன்னத பாத்தேன், மனசு கேக்கல. டோக்கன் 6 மணின்னா உள்ள போறது 8 மணி, மேடம் ஒவ்வொருத்தரயும் நிதானமா பாக்கறாங்க, சரி, ஆனா டோக்கன கொறச்சு குடுக்கலாம்ல, மலைக்கு போறவங்க கடைசி பஸ்ஸ விட்டுட்டா சேலத்துல சொந்தக்காரங்க வீடு தேடணும். ரிசப்ஷன்ல வியாதி பேர எல்லார் முன்னாடியும் சத்தமா கேக்கறாங்க, அத மாத்தணும். போன் எடுக்கறது அவங்க இஷ்டம். இதுக்காக ஒரு ஸ்டார் கொறச்சிருக்கேன், மேடத்துக்கு இல்ல.

போறவங்க பழைய ரிப்போர்ட் ஒண்ணு விடாம எடுத்துட்டு போங்க, கிழிஞ்சது கசங்கினது எல்லாம். கல்லு ரெண்டாவது தடவ வந்தவங்க கால்சியம் ஒரு தடவ பாத்துக்கங்க, அதோட ஆல்புமினும் (ரத்தத்துல இருக்கற ஒரு புரதம்) பாக்கச் சொல்லுங்க, அது கொறஞ்சிருந்தா கால்சியம் கம்மியா தெரியும். எங்க அண்ணனுக்கும் கல்லு இருந்ததுன்னு சொன்னதும் அவரயும் கூட்டிட்டு வரச் சொல்லி பாத்தாங்க, அவருக்கு 9.6, ஒண்ணும் இல்ல.

ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு, கால்சியம் 9.4ல நிக்குது. ஆறு மாசம் நார்மலா நின்னா குணம்னு எடுத்துக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. போன வாரம் ஆபீஸ்ல காபி கொட்ட எடை கணக்கு நாலு பக்கம், ஒரே மூச்சுல கூட்டினேன், ஒரு பைசா ஒதைக்கல. முன்கை ஸ்கேன் வருஷம் முடிஞ்சதும் மறுபடி எடுக்கணும். அப்ப போறப்ப அந்த படிக்கட்ட பத்தி ரிசப்ஷன்ல இன்னொரு தடவ சொல்லிட்டு வர்றேன்.