பவளத் தொட்டிக்கு எந்தத் தானியங்கிச் சோதனைக் கருவி: ட்ரைடென்ட், அல்காட்ரானிக், கே.எச். டைரக்டர், ரீஃப்பாட்

கல்பவளங்கள் வளரும் தொட்டியில் நீர் எப்போதும் தெளிவாகவே இருக்கும்; அதில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. கிளைப் பவளத்தின் நுனி வெளுத்திருப்பதைக் கண்டு அவசரமாகச் சோதித்துப் பார்க்கும்போதுதான், காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறன்; பெரும்பாலும் அதில் கரைந்த பைகார்பனேட்) பல நாட்களுக்கு முன்பே சரியத் தொடங்கிவிட்டது என்பது புரியும். வாரம் ஒருமுறை கையால் சோதிப்பவருக்கு இடைப்பட்ட ஆறு நாட்களைப் பற்றி எதுவும் தெரியாது. அந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே, தொட்டி நீரைத் தானாக உறிஞ்சி, சோதித்து, முடிவைக் கைபேசிக்கு அனுப்பும் கருவிகள் கடந்த பத்தாண்டுகளில் அடுத்தடுத்துச் சந்தைக்கு வந்தன.

இவற்றுக்கான சந்தை பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் இருக்கிறது. (இந்தியாவில் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, ஆகவே அங்கிருந்து வாசிப்பவர்கள் கருவியைப் பற்றி யோசிக்கும் முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.) இங்கே முதன்மையாக நான்கு கருவிகளை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் நெப்டியூன் சிஸ்டம்ஸ் தயாரிக்கும் ட்ரைடென்ட், ஹாங்காங்கின் ஃபோகஸ்ட்ரானிக் தயாரிக்கும் அல்காட்ரானிக், ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் உள்ள ஜி.எச்.எல். நிறுவனத்தின் கே.எச். டைரக்டர், ரீஃப் கைனெட்டிக்ஸின் ரீஃப்பாட்.

விளம்பரங்கள் இக்கருவிகளை "எத்தனை அளவுகளைச் சோதிக்கும்" என்ற எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுகின்றன. எந்த அளவு உண்மையிலேயே தினமும் சோதிக்கத் தக்கது என்று கேட்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அதற்கான விடை பவளத்தின் எலும்புக்கூட்டிலேயே இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டாக எலும்பு படியும்போது, காரத்தன்மையும் கால்சியமும் மாறாத ஒரு விகிதத்தில் செலவாகின்றன: காரத்தன்மை 1 டிகேஎச் (அதை அளக்கும் வழக்கமான அலகு) குறையும்போது கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் குறைகிறது. தொட்டியில் இருப்பு 8 டிகேஎச் என்றால் அந்த இழப்பு எட்டில் ஒரு பங்கு. கால்சியம் 420 மில்லிகிராம் என்றால் இழப்பு இரண்டு சதவீதத்தைக்கூட எட்டாது. மெக்னீசியமோ 1,300 மில்லிகிராம் அளவில் இருக்க, அதில் குறைவது ஒரு மில்லிகிராமுக்கும் உட்பட்டதுதான். பவளம் நிறைந்த தொட்டி ஒரே நாளில் 1 முதல் 2 டிகேஎச் வரை செலவழிப்பது சாதாரணம். ஆகவே ஒரு நாளில் தெளிவாக அசைகிற எண் காரத்தன்மை ஒன்றுதான். கால்சியத்தின் ஒரு நாள் அசைவு, அதை அளக்கும் சோதனையின் பிழை வரம்புக்குள்ளேயே மறைந்துவிடும். நிலையாகப் பொருத்திய பி.எச். மீட்டரைக் கொண்டு காரத்தன்மையைக் கணித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அறையில் ஆள் கூடி, சன்னல் மூடி, கரியமில வாயு ஏறினாலே பி.எச். இறங்கிவிடும், காரத்தன்மை அப்படியே இருக்கும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ட்ரைடென்டைப் பார்ப்போம். 2019-இல் விற்பனைக்கு வந்த இது காரத்தன்மை, கால்சியம், மெக்னீசியம் ஆகிய மூன்றையும் அளக்கிறது. இயல்பான அமைப்பில் காரத்தன்மையை நாளுக்கு நான்கு முறையும் மற்ற இரண்டையும் நாளுக்கு இரண்டு முறையும் சோதிக்கும். மாதிரி நீரில் வினைப்பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, நிறம் மாறும் புள்ளியை ஒளியுணரி கொண்டு கண்டுபிடிக்கும் தரம்பார்த்தல் முறை இது. பி.எச். மின்முனை இல்லாததால் மின்முனையைப் பராமரிக்கும் வேலையும் இல்லை. மூன்று புட்டிகளை மாற்றி, புதிய வினைப்பொருளுக்கு உரிய அளவுத்திருத்தத்தைச் செய்தால் சுமார் இரண்டு மாதம் ஓடும். அன்றாட உழைப்பு மிகக் குறைவு என்பதில் இதற்கு இணை இல்லை.

குறைகளும் இந்த வடிவமைப்பிலிருந்தே வருகின்றன. வினைப்பொருள் அந்த நிறுவனத்துடையது. நாளுக்கு இருமுறை மெக்னீசியம் பார்ப்பதற்கும் சேர்த்தே நாம் பணம் கொடுக்கிறோம். மேலும் ட்ரைடென்ட் தனியாக இயங்காது, அதே நிறுவனத்தின் ஏபெக்ஸ் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். ஏபெக்ஸ் ஏற்கெனவே இருப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல. இல்லாதவருக்கு அதுவே பெருஞ்செலவு. கழிவுநீர் தொட்டிக்குத் திரும்பிவிடாதபடி தனிக் கலத்தில் சேர்க்க வேண்டும் என்பதையும், அந்தக் கலம் நிரம்புவதை நாம்தான் கவனிக்க வேண்டும் என்பதையும் வாங்கும் நாளில் பலர் யோசிப்பதில்லை.

அல்காட்ரானிக்கும் கே.எச். டைரக்டரும் காரத்தன்மையை மட்டுமே குறிவைத்தவை. மாதிரி நீரில் அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போய், பி.எச். 4.5-க்கு அருகில் உள்ள முடிவுப் புள்ளியை மின்முனையால் உணர்வது இரண்டுக்கும் பொதுவான முறை. மின்முனை சிறிது பிசகினால் முடிவு முழுவதும் கெட்டுவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது; அது மிகைப்பட்டது. முடிவுப் புள்ளிக்கு அருகில் சில துளி அமிலத்துக்கே பி.எச். செங்குத்தாக இறங்கிவிடுவதால், மின்முனையில் 0.1 பிழை இருந்தாலும் காரத்தன்மையில் ஏறத்தாழ 0.1 டிகேஎச் அளவுக்குத்தான் பிசகும். அதைவிடப் பெரிய பிழை நாம் சந்தேகிக்காத இடத்தில், அதாவது உருளைகளால் குழாயை நசுக்கி நீரைத் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்பின் குழாயில் இருக்கிறது. உருளைகள் நசுக்கி நசுக்கிக் குழாய் தளரும்போது, அது எடுக்கும் மாதிரி நீரின் கொள்ளளவு மெல்ல மாறும். இரண்டு சதவீதம் மாறினாலே 8 டிகேஎச் அளவில் 0.16 பிசகிவிடும். நிறம் பார்க்கும் கருவியானாலும் மின்முனைக் கருவியானாலும் பம்ப் வைத்த எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மின்முனையை மாதந்தோறும் பி.எச். 4, 7 கரைசல்களில் கவனமாகத் திருத்துபவர்கள், குழாயை இரண்டு ஆண்டுகளாக மாற்றாமல் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்விரண்டில் எது என்றால், அல்காட்ரானிக் பக்கமே சாய்கிறேன். அது தனித்து இயங்குகிறது. செறிவான அமிலக் கரைசலைத் தூய நீரில் நாமே கலந்து நீர்த்துக்கொள்வதால் ஒரு சோதனைக்கான செலவு மிகக் குறைவு. ஆகவே நாளுக்கு ஆறு, எட்டு முறை சோதித்து இரவுக்கும் பகலுக்கும் உள்ள வேறுபாட்டை வரைபடமாகப் பார்க்கவும் மனம் வரும். கலக்கும்போது அளவு பிசகினால் அடுத்த புட்டி வரை எல்லா முடிவுகளும் ஒரே பக்கமாகப் பிசகும் என்பது இந்தச் சிக்கனத்தின் விலை. கே.எச். டைரக்டரை இயக்க ஜி.எச்.எல். நிறுவனத்தின் டோசர் பம்ப் (கரைசல்களை அளந்து செலுத்தும் பம்ப்) வேண்டும். அந்தப் பம்பையும் அதே நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவியையும் ஏற்கெனவே பயன்படுத்துபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதன் அமைப்பு மெனுக்கள் பொறுமையைச் சோதிக்கும்.

ஜி.எச்.எல். நிறுவனத்தின் மற்றொரு கருவியான அயான் டைரக்டர், குறிப்பிட்ட அயனியை மட்டும் உணரும் மின்முனைகளால் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், நைட்ரேட் ஆகியவற்றை அளக்க முற்படுகிறது. பொறியியலாகப் பார்த்தால் நான்கு கருவிகளையும்விடத் துணிச்சலான முயற்சி இதுதான். ஆனால் கடல்நீர் இத்தகைய மின்முனைகளுக்கு மிகக் கடினமான களம். லிட்டருக்குச் சில மில்லிகிராம் நைட்ரேட்டைத் தேடும் மின்முனைக்கு முன்னால் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு நிற்கிறது. நைட்ரேட் மின்முனைகள் குளோரைடையும் ஓரளவு நைட்ரேட்டாகவே உணரும். அளவு தெரிந்த ஒப்பளவுக் கரைசல்களைக் கொண்டு இதைச் சரிக்கட்டலாம் என்றாலும், உணரிகள் நாளடைவில் தேய்ந்து மாற்ற வேண்டியவை. ஆர்வத்துக்காக வாங்கலாம், தேவைக்காக வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன்.

ரீஃப்பாட் வேறு வழியில் போகிறது. கடையில் கிடைக்கும் சாதாரணச் சோதனைப் பெட்டிகளின் திரவ வினைப்பொருட்களையே சிரிஞ்சால் எடுத்து, மாதிரி நீருடன் கலந்து, விளையும் நிறத்தைக் கேமராவால் படிக்கிறது. ஃபோகஸ்ட்ரானிக்கின் மாஸ்டர்ட்ரானிக்கும் இதே குடும்பம்தான். ஒரு நிறுவனத்தின் வினைப்பொருளுக்கே கட்டுப்பட வேண்டியதில்லை என்பது பெரிய கவர்ச்சி. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் ஆட்கள் அடிக்கடி சோதிக்காமல் விடுவதற்கு அலுப்பே காரணம் என்பதால், அந்த அலுப்பை இயந்திரத்தின் தலையில் கட்டுவது நியாயமான யோசனை. நெப்டியூனும் பின்னர் இதே தேவைக்காக ட்ரைடென்ட் என்.பி. என்ற தனிக்கருவியைக் கொண்டுவந்தது.

இடர்ப்பாடு பாஸ்பேட்டில் வருகிறது. நாம் வைத்திருக்க விரும்பும் அளவு லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம், அங்கே எழும் நீலநிறம் மிக மெல்லியது. கண்ணாடிக் கலத்தில் படியும் மெல்லிய கறையோ ஒட்டிய ஒரு காற்றுக் குமிழியோ அந்த நீலத்தைவிட அதிகமாக ஒளியைத் தடுக்கும். கையால் சோதிப்பவர் கலத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பார். இயந்திரம் அலசிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். தூள் வடிவ வினைப்பொருள் உள்ள பெட்டிகள் இத்தகைய கருவிகளுக்கு ஒத்துவராது என்பதால், நைட்ரேட்டுக்கு நாம் நம்பிப் பழகிய சோதனையைக் கைவிட வேண்டியும் வரலாம். அசையும் பாகங்கள் கூடக் கூடப் பழுதும் கூடும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் கருவியை வாங்கினாலும் கைச்சோதனை ஓய்வு பெறாது. ஹன்னா நிறுவனத்தின் காரத்தன்மை சோதிப்பானுக்குத் தயாரிப்பாளர் தரும் துல்லிய வரம்பே 0.3 டிகேஎச்சுடன் அளவீட்டில் ஐந்து சதவீதம். அதாவது 8 டிகேஎச் என்று காட்டினால் உண்மை 7.3 முதல் 8.7 வரை எங்கும் இருக்கலாம். தானியங்கிக் கருவி 7.7 என்றும் ஹன்னா 8.2 என்றும் காட்டும்போது எது பொய் என்று பதறுவது வீண். இரண்டுமே தத்தம் வரம்புக்குள் உண்மை சொல்கின்றன. செய்ய வேண்டியது, அளவு தெரிந்த ஓர் ஒப்பளவுக் கரைசலை இரண்டுக்கும் கொடுத்து, வேறுபாட்டைக் குறித்துவைத்து, அதன்பின் தானியங்கியின் போக்கை மட்டும் கவனிப்பது. ஒரே குழாய், ஒரே கலம், ஒரே வினைப்பொருள் என்பதால் தன் முந்தைய எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்வதில் இயந்திரம் நம் கையைவிடச் சீரானது. பவளமும் 7.7-இலோ 8.2-இலோ நன்றாகவே வளரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே இரவில் தாவுவதைத்தான் அது தாங்குவதில்லை.

ஆகவே என் தேர்வு இப்படி அமைகிறது. மென்பவளங்களும், பெரிய சதைப்பற்றுள்ள சில கல்பவளங்களும் மட்டுமே உள்ள தொட்டிக்கு எந்தத் தானியங்கியும் வேண்டாம். அங்கே வாரத்துக்கே ஒரு டிகேஎச் கூடக் குறையாது. கிளைப் பவளங்கள் நிறைந்த தொட்டிக்கு அல்காட்ரானிக், அதோடு கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் மாதம் இருமுறை கைச்சோதனை. ஏபெக்ஸ் வைத்திருப்பவர் ட்ரைடென்டை வாங்கினால் கால்சியம், மெக்னீசியச் சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைத்து வைத்து வினைப்பொருளை மிச்சப்படுத்தலாம். ரீஃப்பாட் வகையை, வெளியூர் போகும் பழக்கமுடைய, நைட்ரேட்டின் போக்கை மட்டும் பார்த்தால் போதும் என்பவருக்குச் சொல்வேன்.

அளப்பதோடு நில்லாமல், அளந்த எண்ணை வைத்து மருந்துப் பம்பின் (குறைந்த காரத்தன்மையை ஈடுகட்டும் கரைசலைச் செலுத்தும் பம்ப்) அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியும் இந்தக் காரத்தன்மைக் கருவிகளுக்கு அவற்றின் நிறுவனப் பம்புகளோடு சேரும்போது உண்டு. என் நண்பர் ஒருவர் அதை வரம்பின்றித் திறந்துவைத்திருந்தார். மாதிரி நீர்க் குழாயின் முனை, வடிதொட்டியில் (முதன்மைத் தொட்டியின் நீர் வடிந்து சேரும் கீழ்த்தொட்டி) நீர் இறங்கும் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மாலையில் காற்றை உறிஞ்சிய கருவி 6.1 என்று பதிந்தது, பம்ப் இரவு முழுவதும் ஈடுகட்டியது, காலையில் உண்மை அளவு பத்தைத் தாண்டியிருந்தது. கருவியின் பெயர் இங்கே தேவையில்லை. இவற்றில் எதிலும் இது நடக்கலாம். அன்று முதல் அவர் குழாய் முனையை வடிதொட்டியின் நீர்மட்டம் மாறாத தடுப்பறையில் கையளவு ஆழத்தில் கட்டிவைத்திருக்கிறார். தானியங்கித் திருத்தத்தை வழக்கமான மருந்தளவில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாதபடி பூட்டியிருக்கிறார். ஒரே சோதனையில் அரை டிகேஎச்சுக்கு மேல் மாற்றம் தெரிந்தால் பம்பைத் தொடாமல், மறுசோதனை செய்துவிட்டுத் தன்னை எழுப்பும்படி அமைத்திருக்கிறார்.